எம்.எஸ்சி. இயற்பியல் ப்ராஜெக்ட்: அரசு ஆய்வகமா, கம்பெனியா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தென்காசிச் சாரல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நெல்லைப் பக்கம் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் எம்.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு படிக்கிறேன். நான்காவது செமஸ்டரில் ப்ராஜெக்ட் உண்டு. அதற்கு முன்னால் வரும் கோடை விடுமுறையில் எங்காவது ஒரு ஆய்வகத்தில் ஆறு வாரமோ எட்டு வாரமோ இருந்து வேலை பழக வேண்டும், முடிந்தால் அதையே ப்ராஜெக்டாகவும் வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆசை. எங்கள் சீனியர்கள் பெரும்பாலும் டிபார்ட்மெண்டிலேயே பீக்கரில் கரைசல் வைத்து ஒரு கிரிஸ்டல் வளர்த்து, வெளியே காசு கட்டி எக்ஸ்ஆர்டி, யுவி, எஃப்டிஐஆர் (படிகத்தின் அமைப்பையும் அது ஒளியை எப்படி உறிஞ்சுகிறது என்பதையும் காட்டும் சோதனைகள்) எல்லாம் எடுத்து வாங்கி, கிராஃப் போட்டு பைண்டிங் செய்து கொடுத்துவிடுகிறார்கள். அதைக் குறை சொல்லவில்லை, கிரிஸ்டல் வளர்ப்பதற்கும் பொறுமை வேண்டும். ஆனால் அந்த எக்ஸ்ஆர்டி மெஷினை அவர்களில் ஒருவர்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. எனக்கு மெஷின் பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு வழி தெரிகிறது. ஒன்று, கல்பாக்கம், காரைக்குடி மாதிரி அரசு ஆய்வகங்கள். ஆனால் எப்படி விண்ணப்பிப்பது, எங்கள் மாதிரி சிறிய கல்லூரிப் பிள்ளைகளைச் சேர்ப்பார்களா என்று தெரியவில்லை. இன்னொன்று, ஓசூரில் கோட்டிங் போடும் கம்பெனி ஒன்றில் மாமாவின் நண்பர் இருக்கிறார், கேட்டுப் பார்க்கலாம் என்கிறார். எங்கள் சார் ஒருவர் "கம்பெனிக்குப் போனால் பிஎச்.டி. இண்டர்வியூவில் மதிக்க மாட்டார்கள்" என்று சொல்லிவிட்டார். அது உண்மையா? அப்புறம் எனக்குத் தெரிந்ததெல்லாம் காலேஜ் லேபில் செய்த ஹால் எஃபெக்ட், ஃபோர் ப்ரோப் (நான்கு முனை வைத்து மின்தடை அளப்பது), நியூட்டன் வளையம் இவ்வளவுதான், இதை வைத்துக்கொண்டு ஒரு விஞ்ஞானிக்கு என்ன எழுதுவது? அப்பா கேட்கிற ஒரே கேள்வி, எங்கே தங்குவாய் என்பது. இப்போது ஆயுத பூஜை லீவில் இருக்கிறேன், இந்த நேரத்தில் தொடங்கினால் சரியாக இருக்குமா, இல்லை தாமதமாகிவிட்டதா?

---

கடற்கரை நியூட்ரான் எழுதியது:

தாமதமில்லை தங்கச்சி, சரியான நேரம். பெரும்பாலானவர்கள் ஏப்ரலில் முழித்துக்கொண்டு மே மாதத்துக்கு இடம் கேட்கிறார்கள், அப்போது எல்லாம் முடிந்திருக்கும். நானும் தென்மாவட்டக் கல்லூரிதான், இப்போது ஒரு மத்திய அரசு ஆய்வகத்தில் பிஎச்.டி. செய்கிறேன்.

முதலில் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு ஃபெல்லோஷிப்புக்கு இப்போதே உட்கார்ந்து விண்ணப்பி. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாடமி, டெல்லியில் உள்ள இன்சா, அலகாபாத்தில் (இப்போது பிரயாக்ராஜ்) உள்ள நாசி, இந்த மூன்றும் சேர்ந்து நடத்துகின்றன. இரண்டு மாத வேலை, உதவித்தொகை உண்டு, ரயில் கட்டணமும் தருகிறார்கள். விண்ணப்பம் வழக்கமாக அக்டோபர், நவம்பர் வாக்கிலேயே முடிந்துவிடும் என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். நீ ஏன் போக வேண்டும் என்று ஒரு சிறு குறிப்பு எழுத வேண்டும், உன்னைத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் பரிந்துரைக் கடிதம் தர வேண்டும். அந்தக் குறிப்பில் "சிறு வயது முதலே எனக்கு அறிவியலில் ஆர்வம்" என்று ஆரம்பிக்காதே, எல்லோரும் அதையே எழுதுகிறார்கள். ஃபோர் ப்ரோபில் ஜெர்மானியத்தை வைத்து பேண்ட் கேப் (எலக்ட்ரான் மின்சாரம் கடத்தும் நிலைக்குத் தாவத் தேவையான ஆற்றல்) கண்டுபிடித்திருப்பாய் இல்லையா, உனக்கு வந்த மதிப்பு புத்தகத்து மதிப்பிலிருந்து எவ்வளவு தள்ளி வந்தது, ஏன் தள்ளி வந்திருக்கும் என்று நான்கு வரி எழுது. படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் (டிஐஎஃப்ஆர்) நடத்தும் விஎஸ்ஆர்பி என்ற கோடை ஆய்வுத் திட்டம் தனி, அந்த அறிவிப்பு இதற்குப் பிறகு வரும், அதையும் பார்த்துக்கொண்டே இரு.

கல்பாக்கம் பற்றி. அங்கே அணு உலை மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் 1971-ல் தொடங்கியது, எஃப்பிடிஆர் என்ற வேக ஈனுலை 1985 அக்டோபரில் தொடர்வினைக்கு வந்தது. காமினி என்று 30 கிலோவாட் அளவில் ஒரு குட்டி உலை இருக்கிறது, யுரேனியம்-233-ல் ஓடுவது. அதிலிருந்து வரும் நியூட்ரானை வைத்துப் படம் எடுக்கிறார்கள். எக்ஸ்ரேக்குக் கனமான உலோகம் தடை, ஹைட்ரஜன் கண்ணுக்கே தெரியாது. நியூட்ரானுக்கு அப்படியே தலைகீழ், எஃகு உறைக்குள் இருக்கும் வெடிமருந்தைக் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் ராக்கெட்டில் போகும் சின்னச் சின்ன வெடிச் சாதனங்களை இதில் சோதிக்கிறார்கள். இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் எம்.எஸ்சி. மாணவர் போய் உட்காரப்போவது பெரும்பாலும் உலைக்கு வெளியே இருக்கும் லேப்களில்தான்: மெல்லிய படலம், குறைந்த வெப்பநிலை, ஸ்க்விட் (மிக நுண்ணிய காந்தப்புலம் அளக்கும் கருவி), பாசிட்ரான், அல்ட்ராசானிக் சோதனை, இந்த மாதிரி. எம்.எஸ்சி. பிள்ளைகளுக்காகவே ஸ்டிபாக் என்று இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஒரு கோடைப் பயிற்சி அங்கே நடத்துகிறார்கள், அவர்கள் இணையதளத்தில் அறிவிப்பு வருகிறதா என்று ஜனவரியிலிருந்து பார்.

அங்கே போகிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது, அணுசக்தித் துறை வளாகம் என்றால் எல்லாமே காகிதத்தில் நடக்கும். கல்லூரியிலிருந்து போனஃபைட், துறைத்தலைவர் கடிதம், போலீஸ் சரிபார்ப்பு, கேட் பாஸ். இதற்கே வாரக்கணக்கில் ஆகும், ஆகவே தேர்வானதும் முதல் வேலையாக இதை ஆரம்பித்துவிடு. செல்போனை உள்ளே கொண்டுபோக முடியாது, பென் டிரைவில் டேட்டா எடுத்து வர முடியாது, கைடு மூலமாகத்தான் வரும். கதிர்வீச்சு உள்ள இடத்தில் வேலை என்றால் சட்டையில் டிஎல்டி பேட்ஜ் குத்திக்கொள்வாய், அது நீ வாங்கிய கதிர்வீச்சு அளவைப் பதிந்து வைக்கும். அப்பாவிடம் இதைச் சொல், பயம் குறையும். அளக்காமல் யாரையும் உள்ளே விட மாட்டார்கள்.

இன்னொன்று, காரைக்குடியை இரண்டாம் பட்சமாக நினைக்காதே. அங்கே இருப்பது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் (சிக்ரி), அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய இடம் அது, இன்றைக்கு பேட்டரி என்றால் நாட்டில் முதலில் நினைவுக்கு வரும் ஆய்வகங்களில் ஒன்று. பெயர் மின்வேதியியல் என்று இருப்பதால் இயற்பியல் பிள்ளைகள் ஒதுங்கிப் போகிறார்கள். லித்தியம் அயனி எலக்ட்ரோடுக்குள் எப்படிப் புகுந்து வெளியே வருகிறது என்பது முழுக்க திடநிலை இயற்பியல். உனக்கு வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்.

---

ஓசூர் வேக்யூம் எழுதியது:

மேலே உள்ள தம்பி அரசு ஆய்வகத்தைப் பற்றி எழுதியது அத்தனையும் சரி. கம்பெனி பற்றி நான் சொல்கிறேன், இதே வேலையில்தான் பல வருடமாக இருக்கிறேன். வெட்டும் கருவிகளுக்கு டைட்டானியம் நைட்ரைடு போடுவோம், அந்தத் தங்க நிறம் அலங்காரத்துக்கு இல்லை, அந்தப் படலத்தின் கடினத்தன்மைக்காக. ஒவ்வொரு வருடமும் ஒன்றிரண்டு இயற்பியல் பிள்ளைகளை எடுக்கிறோம்.

"கம்பெனிக்குப் போனால் மதிக்க மாட்டார்கள்" என்று உங்கள் சார் சொன்னது, கம்பெனியில் போய் எக்செல் ஷீட் நிரப்பிவிட்டு வருகிறவர்களுக்குப் பொருந்தும். வேலை எது என்பதைப் பொறுத்தது அது. போன வருடம் ஒரு பெண் வந்தார். அந்தச் சமயம் பார்த்து எங்கள் சேம்பர் (காற்றை வெளியேற்றிவிட்டுப் படலம் போடும் கலன்) ஒன்றில் அழுத்தம் 10⁻⁵ மில்லிபாருக்குக் கீழே இறங்கவே இல்லை. ரோட்டரி பம்ப் சரி, டர்போ சரி. லீக்கா, இல்லை உள்ளே ஈரம் ஒட்டிக்கொண்டு வாயு விடுகிறதா என்று தெரியாமல் ஆபரேட்டர்கள் கேஸ்கெட் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பெண்ணிடம் பம்ப் பக்கத்து வால்வை மூடிவிட்டு அழுத்தம் ஏறுவதை நேரத்துக்கு எதிராகக் குறித்துக்கொண்டு வரச் சொன்னேன். நேர்கோடாக ஏறிக்கொண்டே போனால் வெளிக்காற்று வருகிறது, ஏறி ஏறி ஒரு கட்டத்தில் படுத்துவிட்டால் உள்ளேயே வாயு விடுகிறது. கோடு நேராகத்தான் வந்தது. அப்புறம் ஹீலியம் லீக் டிடெக்டரை மாட்டி, மேலிருந்து கீழாக (ஹீலியம் மேலே ஏறும், கீழிருந்து ஆரம்பித்தால் எந்த ஜாயிண்ட் என்றே புரியாது) மெல்ல ஊதிக்கொண்டே வந்தார், ஒரு ஃபீட்த்ரூவின் (சேம்பருக்குள் ஒயர் போகும் வழி) ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் பக்கம் வந்ததும் டிடெக்டர் கத்தியது. கழற்றிப் பார்த்தால் ரிங்கின் குறுக்கே ஒரு தலைமுடி. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அதுவரை அழுத்தம் என்பது அவருக்கு ஒரு எண், அன்றைக்குப் பிறகு எந்த கேஜைப் பார்த்தாலும் "இதை நம்பலாமா" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

பிஎச்.டி. இண்டர்வியூவில் மெல்லிய படலம் செய்தேன் என்று சொன்னால் முதல் கேள்வி "தடிமன் எவ்வளவு, எப்படித் தெரியும்?" காசு கட்டி எடுத்தவர் ஒரு எண்ணைச் சொல்வார். எங்களிடம் இருந்தவர், குவார்ட்ஸ் படிகத்தின் மேல் படலம் படியப் படிய அதன் அதிர்வெண் குறையும், அதிலிருந்து நிறை, நிறையிலிருந்து தடிமன், ஆனால் அதில் போட்ட அடர்த்தி கட்டிப் பொருளுடையது, படலத்தின் அடர்த்தி அதைவிடக் குறைவாக இருக்கலாம், அதனால் ப்ரொஃபைலோமீட்டரில் (மேற்பரப்பின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் கருவி) படி வைத்து அளந்து சரிபார்த்தேன் என்று சொல்வார். யாரை எடுப்பார்கள் என்று நீங்களே யோசியுங்கள்.

கம்பெனியில் கவனிக்க வேண்டியது வேறு. சேரும் முதல் வாரமே எதை ப்ராஜெக்ட் புத்தகத்தில் போடலாம், எதைப் போடக்கூடாது என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாயால் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கடைசி வாரம் சட்டப் பிரிவு வந்து முக்கால்வாசிப் பக்கத்தை எடுக்கச் சொல்லி, பிள்ளை வைவாவுக்கு முந்தின நாள் அழுததை வேறொரு இடத்தில் பார்த்திருக்கிறேன். எங்களிடம் உள்ள வழக்கம், செய்முறை அளவுகளை நேராகப் போடாமல் ஒரு அடிப்படை அளவுக்கு விகிதமாகப் போடுவது, வாடிக்கையாளர் பொருளை விட்டுவிட்டு சாதாரணக் கண்ணாடித் துண்டிலும் சிலிக்கான் துண்டிலும் அதே படலத்தைப் போட்டு அந்த முடிவுகளை மாணவருக்குக் கொடுப்பது. இயற்பியல் கெடாது, ரகசியமும் வெளியே போகாது. இப்படி ஏற்பாடு செய்ய மனமில்லாத கம்பெனி என்றால் போகாதீர்கள்.

---

இயற்பியல் வாத்தியார் எழுதியது:

கேளும்மா, நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன். உங்கள் சார் மீது கோபப்படாதீர்கள், பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு அங்கே யாரும் கவனிக்காமல் போய், திரும்பி வந்து இங்கேயும் ஒன்றும் முடியாமல் தவித்ததை நாங்கள் நிறையப் பார்த்துவிட்டோம். அந்தப் பயத்தில்தான் இங்கேயே செய் என்கிறோம்.

எனக்குத் தெரிந்தவரை எந்த இடம் என்பதைவிட எந்த ஆள் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மிகப் பெரிய ஆய்வகத்தில் மிகப் பெரிய விஞ்ஞானியிடம் போய், அவர் ஊரில் இல்லாமல், பிஎச்.டி. மாணவர் ஒருவர் ஓரமாக ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்து பழைய பேப்பர்களைப் படி என்று சொல்லி, கோடை முழுவதும் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் உண்டு. வாரத்தில் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து பேசுகிற ஒருவரும், உங்கள் கையால் இயக்க அனுமதிக்கிற ஒரு கருவியும் இருக்கிற இடம்தான் நல்ல இடம். இதை மெயிலிலேயே பணிவாகக் கேட்கலாம்: நான் எந்தக் கருவியை இயக்கப் பழகுவேன், தினமும் யாரோடு வேலை செய்வேன் என்று. நல்லவர்கள் இதற்குப் பதில் போடுவார்கள்.

மெயில் எப்படி எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே மெயிலை ஐம்பது பேருக்கு அனுப்பினால் ஐம்பது பேரும் அழித்துவிடுவார்கள். மூன்று, நான்கு பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவருடைய சமீபத்திய கட்டுரை ஒன்றை எடுத்து, முழுவதும் புரியாவிட்டால் பரவாயில்லை, ஒரு படத்தையாவது புரிந்துகொள்ளும்வரை படியுங்கள். பிறகு எழுதுங்கள், நான் இந்தக் கல்லூரி, இந்த ஆண்டு, உங்கள் கட்டுரையில் இந்தப் படத்தில் மின்தடை இந்த வெப்பநிலையில் ஏன் திரும்புகிறது என்று யோசித்தேன், எனக்கு ஃபோர் ப்ரோப் செய்த பழக்கம் உண்டு, மே இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை வர முடியும், என் ஆசிரியர் கடிதம் தருவார். பத்து வரிக்குள் முடியுங்கள். மதிப்பெண் பட்டியலை ஒரே பிடிஎஃப் ஆக இணையுங்கள். பதில் வரவில்லை என்றால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், தப்பே இல்லை.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். மதுரையிலும் சென்னையிலும் தெருவுக்குத் தெரு ப்ராஜெக்ட் சென்டர் என்று போர்டு இருக்கிறது. பணம் கட்டினால் தலைப்பு, ரீடிங், புத்தகம், "அரசு ஆய்வகத்தில் செய்தது" என்பதற்கான சான்றிதழ் வரை தருகிறேன் என்பார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். ஏழைப் பிள்ளைகள் நகையை அடகு வைத்து அங்கே பணம் கட்டியதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. உண்மையான ஆய்வகம் எதுவும் தரகர் வழியாக ஆள் எடுக்காது.

அப்புறம், நோட்டுப் புத்தகம். கட்டு பிரியாத, பக்க எண் போட்ட புத்தகம். ஒவ்வொரு நாளும் தேதி, கருவி, செட்டிங், கிடைத்த அளவு, தவறாகப் போனது எல்லாவற்றையும் பேனாவில் எழுதுங்கள். தாளில் எழுதிவிட்டு அப்புறம் அழகாகப் பிரதி எடுக்கிற பழக்கத்தை எங்கள் ரெக்கார்ட் நோட்டுகள்தான் உங்களுக்குப் பழக்கிவிட்டன, அதை அங்கே மறந்துவிடுங்கள்.

---

தென்காசிச் சாரல் எழுதியது:

அண்ணா, சார், எல்லோருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விவரமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அகாடமி விண்ணப்பத்தை இன்றைக்கே திறந்துவிட்டேன், எங்கள் மேடம் ஒருவர் கடிதம் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். ஜெர்மானியம் பேண்ட் கேப் பற்றி எழுதப்போகிறேன், எனக்கு 0.6 எலக்ட்ரான் வோல்ட்டுக்குப் பக்கம்தான் வந்தது, ஓவனில் தெர்மோமீட்டர் சாம்பிளிலிருந்து தள்ளி இருந்ததுதான் காரணமோ என்று இப்போது யோசிக்கிறேன்.

இரண்டு சந்தேகம். ஒருவேளை எங்குமே லேபில் இடம் கிடைக்கவில்லை என்றால் கம்ப்யூட்டரில் டேட்டா வைத்துச் செய்கிற வேலைக்குப் போகலாமா, அது மெஷின் பக்கத்தில் நிற்பதாகாதே என்று மனம் ஒப்பவில்லை. இன்னொன்று, ஓசூர் என்றால் தங்குவது எப்படி?

---

நீலகிரி மியூவான் எழுதியது:

இந்த டேட்டா விஷயத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டும். ஊட்டியில் டிஐஎஃப்ஆரின் கிரேப்ஸ்-3 என்று காஸ்மிக் கதிர் ஆய்வு நடக்கிறது, கடல் மட்டத்திலிருந்து 2200 மீட்டர் உயரத்தில். 2014 டிசம்பர் 1 அன்று வந்த ஒரு இடிமழையின்போது அங்குள்ள மியூவான் (காஸ்மிக் கதிரால் வளிமண்டலத்தில் உண்டாகும் ஒரு துகள்) டெலஸ்கோப்பில் மியூவான் எண்ணிக்கை குறைந்தது. அந்தக் குறைவை மட்டும் வைத்து, மேகத்துக்குள் சுமார் 1.3 ஜிகாவோல்ட் மின்னழுத்தம் இருந்திருக்கிறது என்று கணக்கிட்டு 2019-ல் வெளியிட்டார்கள். பலூனோ விமானமோ மேகத்துக்குள் போகவில்லை, எல்லாம் டேட்டாவிலிருந்து வந்தது. ஆனால் அந்த டேட்டாவை நம்ப முடிந்ததற்குக் காரணம், அழுத்தம், வெப்பநிலை மாறினால் எண்ணிக்கை எவ்வளவு மாறும், எந்தக் கவுண்டர் எப்போது கெட்டது என்பதை அங்குள்ளவர்கள் வருடக்கணக்காகத் தெரிந்து வைத்திருந்ததுதான்.

கொடைக்கானலையும் பார். 1899-ல் தொடங்கிய சூரிய ஆய்வகம், எவர்ஷெட் விளைவு (சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கம் பாய்வது) 1909-ல் கண்டுபிடிக்கப்பட்டது அங்கேதான். நூறு வருடத்துக்கும் மேலான சூரியப் படங்கள், முதலில் கண்ணாடித் தட்டில் எடுத்தவை, இப்போது டிஜிட்டலாக இருக்கின்றன. ஒரு மாணவர் சூரியப் புள்ளிகளின் பரப்பை அளந்து, அவை வருடக்கணக்கில் கூடிக் குறையும் சுழற்சியைப் பார்க்கிறார் என்றால், பழைய தட்டில் ஒரு கீறலும் ஒரு புள்ளியும் எப்படி வித்தியாசப்படும் என்று தெரிந்தாக வேண்டும். ஆகவே டேட்டா வேலை மெஷினிலிருந்து விலகிய வேலை இல்லை. போனால் ஒருமுறையாவது கருவி இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் கேள். பைத்தான் இப்போதே கொஞ்சம் பழகு, ஒரு ஃபிட் போட்டு அதன் பிழை எவ்வளவு என்று சொல்லத் தெரிந்தால் போதும், மீதி அங்கே வரும்.

---

ஓசூர் வேக்யூம் எழுதியது:

தங்குவது பற்றி: ஓசூரில் வேலை பார்க்கும் பெண்களுக்கான விடுதிகள் நிறைய உண்டு, தொழிற்பேட்டைக்குப் பக்கத்திலேயே. அப்பாவை ஒரு நாள் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள், விடுதியையும் பார்த்துவிட்டு, கம்பெனி கேட்டில் யார் பொறுப்பு என்று நேரில் பேசிவிட்டுப் போகட்டும். இரவு ஷிப்டில் பயிற்சிப் பிள்ளைகளை வைக்க மாட்டோம் என்று எழுதித் தருகிறார்களா என்றும் கேளுங்கள். உதவித்தொகை கொடுப்பார்களா என்பதை மாமாவின் நண்பரை விட்டுக் கேட்காமல் நீங்களே ஹெச்ஆருக்கு மெயில் போட்டுக் கேளுங்கள், பதில் எழுத்தில் இருக்கும்.

அந்த ஓவன் விஷயம், தெர்மோமீட்டர் தள்ளி இருந்தால் எந்தப் பக்கம் பிழை வரும் என்று யோசித்தீர்களா? சூடேறும்போது எடுத்த ரீடிங்கையும் ஆறும்போது எடுத்ததையும் தனித்தனியாக வரைந்து பாருங்கள். இரண்டு கோடும் பிரிந்து நின்றால் உங்கள் சந்தேகம் சரி. காலேஜ் திறந்ததும் அதைச் செய்துவிட்டு, அகாடமி குறிப்பில் அந்தப் படத்தைப் பற்றி எழுதுங்கள்.